பிடுங்கிய பல்லுக்கு மருந்து

அத்தியாயம் 6

காலையில் எழுந்ததிலிருந்து பதினொரு மணி வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாத தொண்டை, முதல் பேச்சில் கரகரக்கத்தான் செய்யும். "உள்ளே வரலாமா டாக்டர்?" என்று ஊசி கேட்டது அவளுக்கே கேட்கவில்லை. செருமிக்கொண்டு இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஊசி என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. அரசாங்க உதவித் திட்டங்களில் யாராவது கை வைத்தால் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் தொழில். ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. எவ்வளவு பெரிதாக ஊதிய பொய்யானாலும் சின்னதாக ஓர் இடம் பார்த்துக் குத்திக் காற்றை இறக்கிவிடுவாள் என்று அலுவலகத்தார் வைத்த பெயர் அது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதபோது, வெளியில் எந்தப் பெயராக இருந்தால் என்ன?

கிளினிக் வாசலில் வந்து சேர்ந்துகொண்டவன் அவளுடைய உதவியாளன் வாலு. நாற்பது வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் அவன் வாய் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது.

"டாக்டரம்மா, இந்த நாற்காலியில ஒரு அஞ்சு நிமிஷம் படுத்துக்கட்டா? எங்க வீட்டுல இப்படி கால் நீட்டி வருஷக்கணக்காச்சு."

"படுங்க. ரெண்டு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கி அனுப்பறேன்," என்றாள் பல் மருத்துவர். சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவளுடைய கிளினிக்கின் வாசல் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. 'விசாரணை முடியும்வரை குழந்தைகள் பல் உதவி அட்டை இங்கே ஏற்கப்பட மாட்டாது.' அந்த வட்டாரத்தில் அந்த அட்டையை வாங்கிக்கொண்டிருந்த ஒரே கிளினிக் அதுதான்.

விஷயம் இதுதான். பதினான்கு வயது வரைக்கும் குழந்தைகளின் பல் வைத்தியச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. குழந்தைக்கு ஓர் அட்டை, அதில் ஓர் எண். இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் எண் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் பதிவாகியிருந்தது. ஒன்று இந்தக் கிளினிக். மற்றது எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறொரு ஊர். அந்த ஊரில் அம்மா இருக்கிறாள், வீட்டு விலாசம் இருக்கிறது, பள்ளிக்கூடச் சான்று இருக்கிறது. இந்த ஊரில் எழுதிக் கொடுத்த போன் எண்ணுக்கு உயிரில்லை; விலாசத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஆகவே இங்கே வந்தது பேய்க் குழந்தை, டாக்டர் எழுதியது பொய்க் கணக்கு என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. ஊசி இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆமாம் என்று ஓர் அறிக்கை கொடுத்தால் போதும்.

"ஒரே நாள்ல ரெண்டு ஊர்ல வாயைத் திறந்திருக்கா. நானே ஒரு நாளைக்கு ஒரு ஊர்லதான் திறக்கறேன்," என்றான் வாலு.

ஊசி இரண்டு கோப்புகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "டாக்டர், கீழ் இடது பக்கம் ரெண்டாவது கடைவாய்ப் பால்பல். அந்த ஊர்ல ரெண்டு வருஷம் முன்னாடி அதைப் பிடுங்கியாச்சு. நீங்க ரெண்டு வாரம் முன்னாடி அதே பல்லைத் திறந்து மருந்து வச்சிருக்கீங்க. பிடுங்கின பல்லுக்கு எப்படி மருந்து வச்சீங்க?"

"புதுசா முளைச்சிருக்கலாமே?" என்றான் வாலு.

"அந்த இடத்துல அடுத்த பல் வர பதினொரு வயசாகும். நான் தொட்டது பால்பல்தான்." மருத்துவர் இழுப்பறையிலிருந்து ஆறு எக்ஸ்ரே படங்களை எடுத்து வெளிச்சப் பலகையில் வரிசையாகச் செருகினாள். "நீங்களே பாருங்க."

ஊசி கிட்டப்போய்ப் பார்த்தாள். முதல் படத்தில் முன்பல் ஒன்று இல்லை. மூன்றாவதில் அது பாதி எட்டிப் பார்த்தது. ஆறாவதில் முழுசாக வந்திருந்தது.

"வாலு, பொய்க் கணக்கு எழுதறவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஒரே படத்தை ஆறு தடவை ஒட்டுவாங்க."

"இதுல பல் வளர்ந்திருக்கு. பேய்க்குப் பல் முளைக்காது. டாக்டர் ஒரு நிஜக் குழந்தைக்குத்தான் வைத்தியம் பண்ணியிருக்காங்க. ஆனா அந்த ஊர்க் குழந்தை வேற, இந்தக் குழந்தை வேற."

மருத்துவருக்கு அதில் நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. "என் பேரைக் காப்பாத்தறது அப்புறம் இருக்கட்டும். அந்தப் பல்லுல நான் வச்ச மருந்து ரெண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். இன்னியோட கெடு முடியுது. மூடலைன்னா சீழ் வச்சுத் தாடை வீங்கிடும். மத்தியானம் ஒண்ணு நாற்பதுக்கு வரச் சொல்லியிருந்தேன். கதவுல இருக்கற நோட்டீசைப் பாத்துட்டு எப்படி வருவாங்க? அரசாங்கம் எனக்குப் பணம் தராட்டியும் போகுது, அந்தக் குழந்தையைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

முன்னறையில் வரவேற்பு மேசைப் பெண் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். கேட்காமலே ஆரம்பித்தாள். "அந்தப் பாப்பாவோட அப்பா தங்கமானவருங்க. ஆனா ஒண்ணு. அட்டையில இருக்கற பேரைச் சொல்லி நான் கூப்பிட்டா, ஒரு தடவைகூட அந்தப் பொண்ணு முதல்ல எழுந்ததில்ல. அவர் எழுந்து தோளைத் தொடுவார், அப்புறம்தான் அது எழும். காது மந்தமோன்னுகூட டாக்டர்கிட்ட சொன்னேன்."

"வேற?"

"எப்பவும் புதன்கிழமைதான். ஒண்ணு நாற்பதுக்கு வருவார். ரெண்டு முப்பத்தஞ்சு ஆச்சுன்னா, வாயில பஞ்சு இருந்தாலும் கிளம்பிடுவார். நாங்க கடிகாரத்தை அவரை வச்சுத்தான் திருத்துவோம்."

"முதல் நாள் எழுதிக் கொடுத்த படிவம் இருக்கா?"

இருந்தது. நான்கு பக்கம். பெற்றோர்கள் பாதிக்கு மேல் கோடு போட்டுவிட்டுப் போகிற படிவம். இதில் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தது. 'முதல் பல் எப்போது முளைத்தது?' என்ற கேள்விக்கு: 'ஒன்பதாம் மாதம், பதினோராம் நாள். ரயிலில். என் விரலைக் கடித்தபோதுதான் தெரிந்தது.' 'விரல் சூப்பும் பழக்கம் உண்டா?' என்றதற்கு: 'வலது கட்டைவிரல். நான்கு வயதில் தானாகவே விட்டுவிட்டாள்.'

"மூணு பெத்திருக்கேன், ஒண்ணுக்குக்கூட இதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றான் வாலு. "இவ்வளவு தெரிஞ்சவன் அப்பாவே இல்ல மேடம். பக்கா ஃப்ராடு. உக்காந்து கதை எழுதியிருக்கான்."

"அதுலயும் தப்பு இருக்கு," என்றாள் பின்னால் வந்து நின்ற மருத்துவர். "அந்தப் பொண்ணு சூப்பறது இடது கட்டைவிரல். இன்னும் விடல. முன்பல் ரெண்டும் அந்தப் பக்கமாத் தள்ளிக்கிட்டு நிக்குது. அப்பாவுக்கு வலது இடது குழம்பிடுச்சுன்னு நானும் விட்டுட்டேன்."

ஊசி அந்த ஓரத்து எழுத்தை மறுபடி படித்தாள். பிறகு படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

தெரு முனையில் பஸ் நிலையம். ஐந்து தடங்கள் அங்கே வந்து முடிந்து, திரும்பிக் கிளம்பின. கம்பத்தில் நேர அட்டவணை தொங்கியது. ஊசி மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஒருத்தன் ஒண்ணு நாற்பதுக்கு வந்து, ரெண்டு முப்பத்தஞ்சுக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடறான்னா, அவனுக்காக ரெண்டே முக்காலுக்கு என்னமோ காத்திருக்கு. இதோ பாரு. இந்த ஒரு தடம்தான். ஒண்ணரைக்கு வருது, ரெண்டே முக்காலுக்குக் கிளம்புது."

"பயணியா இருக்கலாமே?"

"பயணிக்கு அதை விட்டா அடுத்தது. பஸ்ஸே அவனை விட்டுட்டுப் போக முடியாதுன்னா அவன் யாரு?"

"டிரைவர்!" வாலு தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்குத்தான் சம்பளம் உங்களுக்கு அதிகமாத் தராங்க."

நேரக் காப்பாளர் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து மூக்குப்பொடி நிறத்தில் இருந்த ஒரு பேரேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். புதன்கிழமை என்றதும் நிமிர்ந்தார்.

"நம்ம ஒத்தையா? அப்படித்தாங்க அவரைக் கூப்பிடுவோம். எல்லாரும் ஓய்வறையில ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. அவர் மட்டும் காலி பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து சாப்பிடுவார். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல, சுபாவம் அப்படி. ஆனா சில புதன்கிழமை பாக்கணுமே! முகம் கழுவி, சட்டை மாத்தி, தலை வாரிக்கிட்டு இறங்குவார். சரி, ஆளு கல்யாணத்துக்கு ரெடி ஆயிட்டார்னு நாங்க பேசிக்கிட்டோம்."

காலி பஸ், கடைசி சீட்டு. ஊசிக்கு அந்த மனிதரைப் பார்க்காமலே பாதி தெரிந்துவிட்டது. அவளும் வீட்டில் மேசை இருக்க, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிற ரகம்தான். இரண்டு நாற்காலி இருக்கிற மேசையில் ஒன்றில் மட்டும் உட்கார்ந்தால் மற்றது கண்ணை உறுத்தும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஒன்றரைக்குப் பஸ் வந்தது. பயணிகள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். டிரைவர் இறங்கவில்லை. ஊசியும் வாலுவும் ஏறினார்கள். காக்கிச் சட்டையோடு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அவர் கடைசி சீட்டில் உட்கார்ந்து கிளினிக் இருக்கிற தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

வாலு நேரடியாகத் தாக்கினான். "அண்ணே, டாக்டரம்மா உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?"

"எந்த டாக்டர்?"

"பொய் அட்டைக்குக் குழந்தையை வாடகைக்கு எடுத்துட்டு வந்தீங்களே, அந்த டாக்டர்."

டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. "அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பாப்பா என் பொண்ணு. நான் அவ அப்பா. அட்டையைப் பாருங்க." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து நீட்டினார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத பொண்ணா?" என்றான் வாலு. "மேடம், படிவம் முழுக்கப் பொய்யின்னு நான் அப்பவே சொன்னேனில்ல?"

"இல்ல வாலு," என்றாள் ஊசி. "படிவத்துல பொண்ணைப் பத்தி எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."



ஊசி முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள். "பொய் எழுதறவன் கட்டத்துக்குள்ள எழுதுவான். யாரும் கேக்காத ரயிலை ஓரத்துல எழுத மாட்டான். நீங்க அப்பாதான் சார். அட்டையில இருக்கற பொண்ணுக்கு நிஜமான அப்பா. வலது கட்டைவிரல் சூப்பினது உங்க பொண்ணு. அவ இப்ப எட்டு மணி நேரத் தூரத்துல அம்மாகூட இருக்கா. நாற்காலியில படுத்தது மட்டும்தான் வேற குழந்தை. யாரு அது?"

டிரைவர் டப்பாவைப் பக்கத்தில் வைத்தார்.

"எங்க மாடி வீட்டுப் பொண்ணு. அவங்க இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. பேப்பர் ஒண்ணும் இன்னும் வரல, அதனால அட்டை கிடையாது. அம்மாக்காரி சலவைக் கம்பெனியில நிக்கறா. ஒரு நாள் லீவு போட்டா வேலை போயிடும். ராத்திரி பூரா அந்தப் பொண்ணு பல்வலியில அழும், எனக்குக் கீழே கேக்கும். என் சம்சாரம் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. அவ வேற அட்டை வாங்கிட்டா போல. இது அலமாரியில சும்மா கிடந்தது."

"அட்டையில்லாத குழந்தைக்குன்னு தனியா ஒரு படிவம் இருக்கு," என்றாள் ஊசி மெதுவாக. "பெரியவங்க யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டா போதும். இந்தத் திருட்டுத்தனமே தேவையில்ல. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"வரவேற்பு மேசைகிட்டயே மாட்டியிருக்கு. ரெண்டாவது தடவை போனப்பவே எடுத்துப் படிச்சேன். கீழே ஒரு வரி இருக்கு. 'இந்தக் குழந்தைக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்'னு. அதுக்குக் கீழேதான் கையெழுத்து." டிரைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முதல் தடவை ஊசி போடறப்ப அந்தப் பொண்ணு பயந்துபோய் என் கையைப் பிடிச்சு அப்பான்னுடுச்சு. வீட்டுல மாமான்னுதான் கூப்பிடும். பயத்துல வந்ததுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் அந்தப் படிவத்தைத் திருப்பி மாட்டிட்டேன். அங்க போனா ஒரு மணி நேரம் எல்லாரும் என்னை அப்பான்னு சொல்வாங்க. அப்பா உக்காருங்க, அப்பா இங்க பிடிச்சுக்கங்கன்னு. பேராசைதாங்க. வேற ஒண்ணும் இல்ல."

'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் ஊசி வாலுவின் எண்ணை எழுதுவாள். 'உறவு' என்ற இடத்தில் 'அலுவலகம்' என்று எழுதுவாள். எழுதும்போது ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

"சார், என் அறிக்கையில டாக்டர் மேல தப்பில்லைன்னு எழுதுவேன். உங்க மேல தப்புன்னும் எழுதத்தான் வேணும். அட்டையை என்கிட்ட கொடுத்துடணும். எச்சரிக்கைக் கடிதம் வரும். இனிமே இப்படிப் பண்ணினா வேலைக்கே ஆபத்து. புரியுதா?"

"புரியுது."

"இப்ப அந்தப் பொண்ணு எங்க?"

"பள்ளிக்கூடத்துல. புதன்கிழமை அரை நாள்தான். நாலு கட்டிடம் தள்ளி."

"மருந்துக்கு இன்னிதான் கடைசி நாள். எழுந்திருங்க."

பள்ளிக்கூட வாசலில் சிறுமி பெரிய பையும் சின்ன முகமுமாக வந்தாள். இடது கட்டைவிரல் வாயில் இருந்தது. வாலு குனிந்து, "என் வீட்டுல ஒருத்தி இருக்கா, அவ கால் விரலையே சூப்புவா, நீ எவ்வளவோ தேவலை," என்றான். அவள் சிரித்தபோது தள்ளி நின்ற முன்பற்கள் தெரிந்தன.

கிளினிக்கில் வரவேற்பு மேசைப் பெண் வழக்கம்போல, "அப்பா இங்க ஒரு கையெழுத்து..." என்று ஆரம்பித்து, ஊசி நீட்டிய படிவத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். டிரைவர் குழந்தையின் சொந்தப் பெயரை எழுதினார். வயது எழுதினார். கடைசி வரியில் பேனா சற்று நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார். அட்டையை உறையோடு ஊசியிடம் கொடுத்தார்.

"படம் எடுக்கணும், ரெண்டு நிமிஷம் எல்லாரும் வெளியில இருங்க," என்று மருத்துவர் கதவைச் சாத்தினாள்.

முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியின் மடியில் இருந்த கோப்பைப் பார்த்தார்.

"அம்மா, அந்த ஊர்க் காகிதம் இதுலதானே இருக்கு? என் பொண்ணோடது?"

"அதைக் காட்டக் கூடாது."

"காட்ட வேணாம். படிங்க. நாலு வருஷமா அவளைப் பத்தி ஒரு வரி எனக்கு வரல."

இருபத்தைந்து வருஷ வேலையில் ஊசி ஒரு கோப்பை வெளியாள் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. வாலுவைப் பார்த்தாள். அவன் கூரையில் எதையோ எண்ண ஆரம்பித்துவிட்டான். அவள் கோப்பைத் திறந்தாள்.

"ஏழு வயசுல கீழ் இடது கடைவாய்ப் பால்பல் எடுத்திருக்காங்க."

"அழுதாளா?"

"'நன்றாக ஒத்துழைத்தாள்'னு போட்டிருக்கு."

"ஒத்துழைச்சிருப்பா. முரடு இல்ல அவ." அவர் முகம் இளகிக்கொண்டே போனது. "அப்புறம்?"

"எட்டு வயசுல மேல் முன்பல் ரெண்டும் வந்தாச்சு. நேரா இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி சும்மா பரிசோதனைக்குப் போயிருக்கா. சொத்தை ஒண்ணும் இல்ல. உயரம் நூத்து முப்பத்தாறு. இனிப்பு அதிகம் சாப்பிடறான்னு டாக்டர் எழுதியிருக்காங்க."

"நூத்து முப்பத்தாறு," என்று அவர் தன் மார்புக்கு நேரே காற்றில் கையை வைத்துப் பார்த்தார். "பல்லைப் பிடுங்கினப்ப கூட யார் இருந்தாங்க? அது எழுதுவாங்க இல்ல?"

எழுதியிருந்தது. 'உடன் வந்தவர்: தந்தை.' பக்கத்தில் ஊசிக்குத் தெரியாத ஒரு கையெழுத்து. டிரைவருடையது இல்லை, வேறு ஒருவருடையது. வாலு எண்ணுவதை நிறுத்திவிட்டு அவள் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தான்.

"அம்மான்னு போட்டிருக்கு," என்றாள் ஊசி. கோப்பை மூடினாள்.

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"என் சம்சாரத்துக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வந்துடும். எனக்கு விரல்ல கீறினாலே ரூமை விட்டு ஓடிடுவா. பல் பிடுங்கற இடத்துல அவ நின்னிருக்க மாட்டா."

ஊசி கோப்பைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

உள்ளிருந்து மருத்துவர் கதவைத் திறந்து, "மாமா, வாங்க, கையைப் பிடிச்சுக்கணுமாம்," என்றாள்.

டிரைவர் எழுந்தார். காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாரோ கூட இருந்திருக்காங்க. அது போதும்," என்றார் ஊசியிடம். "நீங்க அம்மான்னே சொல்லுங்க. அப்படியே இருக்கட்டும்."